"வேரூன்றிய" என்ற சொல்லை எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது?

எழுவான்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். தவணைப் பரீட்சைக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரே சொல்லை மூன்று மாணவர்கள் மூன்று விதமாக எழுதியிருக்கக் கண்டேன். அந்தச் சொல்லில் நானும் என்னுடன் திருத்திய சக ஆசிரியர் ஒருவரும் உடன்பட முடியாமல் போயிற்று. முதல் மாணவர் "எமது பிரதேசத்தில் வேரூன்றியுள்ள போதைப்பொருள் பாவனை" என்று எழுதியிருந்தார். இரண்டாமவர் "1814 இல் மட்டக்களப்பில் வேரூன்றிய மெதடிஸ்த மத்திய கல்லூரி" என்றும், மூன்றாமவர் "எமது மக்களின் மனங்களில் வேரூன்றப்பட்ட கண்ணகி வழிபாடு" என்றும் எழுதியிருந்தார்கள்.

சக ஆசிரியர் முதலாவதைச் சிவப்பு மையால் வெட்டி, "நல்ல விடயத்துக்கே இச்சொல் பொருந்தும்" என்று ஓரத்தில் குறிப்பு எழுதினார். மற்ற இரண்டையும் சரியென்று விட்டுவிட்டார். எனக்கோ முதலாவது சரி, மற்றவை இரண்டும் பிழை என்று படுகிறது. ஆனால் காரணம் கேட்டபோது என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. மூன்று பிள்ளைகளின் புள்ளி இதில் தங்கியிருப்பதால், விடைத்தாள்களைக் கொடுப்பதற்கு முன் இங்கே கேட்கிறேன். வேரூன்றிய, காலூன்றிய, நிலைபெற்ற, தாபிக்கப்பட்ட என்பவற்றை நீங்கள் எப்படிப் பிரித்துப் பயன்படுத்துகிறீர்கள்?

வட்டைக்காரன்

ரீச்சர், நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்கிறவன். இலக்கணம் சொல்லும் தகுதி எனக்கில்லை. வேர் எப்போது ஊன்றுகிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

எங்கள் பக்கம் பெரும்பாலும் வீசி விதைப்புத்தான், சில துண்டுகளில் மட்டும் நாற்று நடுகிறோம். நட்ட நாற்று முதல் சில நாட்கள் மஞ்சள் பாரித்துச் சோர்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் இரண்டு விரலால் தூரைப் பிடித்து மெதுவாக இழுத்தால் சேற்றிலிருந்து வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். ஒரு கிழமை கழித்து அதே விரலால் அதே அளவு இழுத்துப் பாருங்கள். இலை கிழியும், தூர் அசையாது. அப்போதுதான் "வேர் பிடிச்சிற்று" என்று சொல்லிவிட்டு வரம்பில் ஏறுவோம். நட்டது என்னுடைய கை, பிடித்தது நாற்று. என் வேலை நட்டவுடன் முடிந்துவிடுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். நெல்லை "வேர் விட்டது" என்போம், "வேர் பிடித்தது" என்போம். "வேரூன்றியது" என்று நெல்லைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று நான்கு மாதத்தில் அறுத்தெடுக்கும் பயிருக்கு அந்தச் சொல் பெரிது. அது வளவில் நிற்கும் மாமரத்துக்கும் புளியமரத்துக்கும் உரிய பேச்சு. ஆகையால் சொல்லுக்குள்ளேயே காலம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வேலியையும் பாருங்கள். கொங்கிறீட் தூணை நாட்டுகிறோம். அது எத்தனை வருடம் நின்றாலும் நாட்டிய தூண்தான். பக்கத்தில் ஒரு கிளிசறியாக் கம்பை, யாழ்ப்பாணத்தார் கதியால் என்று சொல்வார்களே, அதை நட்டுவிட்டால் அடுத்த மாரியில் அது துளிர்த்துத் தன் வேரில் தானே நிற்கும். முதல் நாள் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி நட்டவைதான். தூணை யாரும் வேரூன்றியது என்று சொல்ல மாட்டார்கள். "வேரூன்றப்பட்ட" என்று அந்தப் பிள்ளை எழுதியது எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், வேறொருவர் போய் அதற்கு வேர் வைத்துக் கொடுத்தது போல இருக்கிறது.

கல்முனை மொழிபெயர்ப்பாளர்

வட்டைக்காரன் ஐயா தகுதியில்லை என்று தொடங்கிவிட்டு இலக்கணத்தின் நடுப்புள்ளியைத் தொட்டுவிட்டார். "ஊன்று" தனியே நின்றால் செயப்படுபொருளை ஏற்கும்: கோலை ஊன்றினான், விதையை ஊன்றினாள். "வேரூன்று" என்று கூடியபின் அந்தச் செயப்படுபொருள் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மரம் தன் வேரைத் தானே ஊன்றுகிறது. வெளியிலிருந்து இன்னொரு பொருளை ஏற்க அந்த வினைக்கு இடமில்லை. ஆகவே "வேரூன்றப்பட்ட" என்பது பிழை. பிறர் முயற்சியைச் சொல்ல வேண்டுமானால் "வேரூன்றச் செய்த" என்று எழுதலாம். இன்னொரு பிழையும் அடிக்கடி கண்ணில் படுகிறது: வல்லின றகரம் இட்டு "வேறூன்றி" என்று எழுதுகிறார்கள். வேர் வேறு, வேறு வேறு என்பதை மாணவர்களுக்கு ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும்.

இரண்டாவது வாக்கியத்தில் சிக்கல் ஆண்டில் இருக்கிறது. அரச ஆவணங்களில் ஒரு நிறுவனம் உருவானதை நாங்கள் "தாபிக்கப்பட்டது" என்று எழுதுகிறோம். இலங்கை அரச ஊழியர் ஒவ்வொருவரும் அறிந்த "தாபன விதிக்கோவை" அந்தச் சொல்லிலிருந்து வந்தது; தமிழ்நாட்டில் "நிறுவப்பட்டது" என்பார்கள். தாபித்தலுக்கு ஒரு நாள் உண்டு, செய்தவர் உண்டு, பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகையும் உண்டு. வேரூன்றலுக்கு இவை எவையும் இல்லை. எந்த நாளில் வேரூன்றியது என்று கேட்டால் மரத்துக்கே தெரியாது. வாக்கியத்தில் "இன்ன ஆண்டில்" என்று சேர்க்க முடிந்தால் அங்கே வேரூன்றலுக்கு வேலையில்லை என்பதே என் சோதனை. "1814 இல் தொடங்கப்பட்டு, பின்னர் வேரூன்றிய கல்லூரி" என்று எழுதினால் குறை நீங்கிவிடும்.

அந்தக் கல்லூரியின் வரலாறே இதற்குச் சான்று. 1814 இல் மட்டக்களப்புக்கு வந்து அந்தக் கல்விப் பணியைத் தொடங்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியார், 1815 ஏப்ரலில், ஓராண்டுகூட நிறையும் முன்பே, இங்கேயே காலமானார். தொடங்கியவர் அவர், அது வேரூன்றியதைக் காண அவருக்கு நாள் கிடைக்கவில்லை.

முதல் வாக்கியத்தில் மட்டும் நான் சக ஆசிரியரின் பக்கம். சமூகத் தீமைகளுக்குத் தமிழில் "புரையோடிய" என்ற அருமையான சொல் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு மரத்தின் சொல்லை எதற்காகக் கடன் வாங்க வேண்டும்?

எழுவான்கரை ஆசிரியை

இருவருக்கும் நன்றி. ஆண்டு பற்றிய சோதனை நாளைக்கே வகுப்பில் பயன்படும்.

"புரையோடிய" பற்றி எனக்கு ஐயம் இருக்கிறது. புண் உள்ளே துளைத்துக்கொண்டு போய் உடம்பை அரிப்பதுதான் புரையோடுதல். போதைப்பொருளுக்கு அது பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாத் தீமையும் புண் போலத் தன்னைத் தாங்கியதை அரிப்பதில்லை. சில தீமைகள் பசுமையாக, மதிப்போடு, ஊராரே நீர் ஊற்றி வளர்க்க நின்றுகொண்டிருக்கின்றன. சீதனம் அப்படிப்பட்டது, சாதி அப்படிப்பட்டது. அவற்றைப் புரையோடியவை என்றால், ஏதோ வெளியிலிருந்து தொற்றிய நோய் போல ஆகிவிடும். வேரூன்றியவை என்றால்தான் நாமே அதற்கு மண்ணாக இருக்கிறோம் என்பது வெளிப்படும். ஆகவே நன்மை தீமை என்று பிரிப்பது இந்தச் சொல்லுக்குப் பொருந்தவில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன். பழைய இலக்கியத்தில் இதற்கு ஆதாரம் உண்டா?

ஏட்டுச்சுவடி

குறளிலிருந்தே தொடங்குவோம். "ஊன்று" அங்கே தாங்குதல் என்ற பொருளில் திரும்பத் திரும்ப வருகிறது. அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை ஆகிய ஐந்தும் சால்பை "ஊன்றிய தூண்" என்கிறது 983 ஆம் குறள். உறவினரின் துன்பத்தைத் துடைத்து "ஊன்றும் தூண்" என்கிறது 615. ஆக, ஊன்றுதல் என்றால் அசையாமல் நிற்பது மாத்திரமன்று; நின்று, தன் மேல் வரும் பாரத்தைத் தாங்குவது. இன்றைய வழக்கில் தேய்ந்துபோன பொருள் இதுவே. "வேரூன்றிய நிறுவனம்" என்று விளம்பரத்தில் எழுதுகிறார்கள். அது எதைத் தாங்குகிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

415 ஆம் குறளில் வழுக்கும் நிலத்தில் உதவும் கோலை "ஊற்றுக்கோல்" என்கிறார் வள்ளுவர். மாணவர்கள் நீரூற்றோடு குழப்பிக்கொள்வார்கள். மென்தொடர்க் குற்றியலுகரம் வன்தொடராக மாறுவது தமிழில் இயல்பு: இரும்பு இருப்புப்பாதை ஆகிறது, மருந்து மருத்துப்பை ஆகிறது, அதேபோல் ஊன்றுகோல் ஊற்றுக்கோல் ஆயிற்று. நம் ஊர்ப் பேச்சில் அதே சொல் வேறொரு திசையில் போயிருக்கிறது. மூன்று மூண்டு ஆனதுபோல, கன்று கண்டு ஆனதுபோல, ஊன்று "ஊண்டு" ஆயிற்று. "பொல்லை ஊண்டி நடக்கிறார்", "கச்சான் (நிலக்கடலை) ஊண்டுறம்" என்று நாளாந்தம் பேசுகிறோம். பேச்சில் டகரம் இருக்கிறது என்பதற்காக எழுத்தில் "ஊண்று" என்று மூன்று சுழி போட்டுவிடக் கூடாது.

தீமைக்கு வருவோம். 879 ஆம் குறள் முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே வெட்டிவிடச் சொல்கிறது. "காழ்த்த இடத்து" அது களைபவர் கையையே வருத்தும். காழ் என்பது மரத்தின் வைரம். அந்தக் காழ்ப்பிலிருந்துதான் இன்றைய "காழ்ப்புணர்ச்சி" வந்தது. தீமையையும் மரமாகவே கண்டு, அது முற்றி உறுதிப்படும் நிலைக்குப் பழந்தமிழர் தனிச்சொல் வைத்திருந்தார்கள். ஆகவே மரத்தின் சொல் நன்மைக்கு மட்டும் உரியது என்ற வாதம் நிற்காது, கல்முனை நண்பர் மன்னிக்க வேண்டும்.

கண்டலடி

வாவிக்கரையில் வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு காட்சியைச் சேர்க்க விரும்புகிறேன். கண்டல் மரத்தின் விதை தாய் மரத்திலேயே முளைத்துவிடும். முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் அந்த முளையின் நுனி கூராக இருக்கும். முற்றியதும் நழுவி விழும். தண்ணீர் வற்றியிருந்தால் சில வேளை சேற்றில் நேராகக் குத்திக்கொள்ளும், நீர் இருந்தால் மிதந்து போய் எங்காவது கரையில் தட்டும். சின்ன வயதில் நாங்கள் அவற்றைப் பொறுக்கி, ஈட்டி போல் சேற்றில் எறிந்து யாருடையது நேராக நிற்கிறது என்று பந்தயம் வைப்போம். மறுநாள் வந்து பார்த்தால் பாதி சாய்ந்து கிடக்கும். நிற்கும் ஒன்றைப் பிடுங்கினால் அடியில் மொட்டு மொட்டாக வெண்மையாய்ச் சில முனைகள் மட்டும் தெரியும். அப்போது அது ஊன்றியிருக்கிறது, வேரூன்றவில்லை. முதலில் ஊன்றல், பிறகே வேர்.

வளர்ந்த கண்டலுக்குத் தண்டிலிருந்து வளைந்து இறங்கும் வேர்களைப் பாடநூலில் மிண்டி வேர் என்கிறார்கள். ஏட்டுச்சுவடி சொன்ன "தாங்குதல்" அங்கே கண்ணுக்கு நேரே தெரியும். நீர் ஏறி இறங்கும் சேற்றில் அந்த மரம் பத்துப் பதினைந்து கால்களை ஊன்றிக்கொண்டு நிற்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கரையோரங்களில் பல இடங்களில் கண்டல் கன்றுகள் நட்டார்கள். அவற்றில் பெருந்தொகை பிழைக்கவில்லை. நீர் நிற்கும் அளவும் உப்பின் அளவும் பொருந்தாத இடங்களில் நட்டதே முக்கிய காரணம். அறிக்கையில் "கண்டல் காடு தாபிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் அது பொய்யாகாது. "வேரூன்றியது" என்று எழுதியிருந்தால் பொய்.

அக்கரைப்பற்று வாசகி

ரீச்சர் கேட்ட நான்கு சொற்களில் "காலூன்றிய" என்பதை யாரும் தொடவில்லை. எங்கள் வீட்டுப் பேச்சில் அதுதான் அதிகம் வரும்.

கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருகிறார். என் வாப்பா திருமணமாகி உம்மாவின் ஊருக்கு வந்தபோது அவருக்கு இங்கே ஒரு கடைத்துண்டுகூட இல்லை. சில வருடங்களில் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கடை எடுத்தார். அப்போது மூத்தம்மா பக்கத்து வீட்டாரிடம் "மருமகன் இப்பதான் கால் ஊண்டிற்றார்" என்று சொன்னதாக உம்மா இன்றும் சொல்வார். வேரூன்றினார் என்று சொல்லவில்லை. காலை ஊன்றியவர் நாளைக்குக் காலை எடுக்கவும் முடியும்; வந்தவர், முயற்சி செய்கிறவர், இடம் பிடித்தவர் என்பதெல்லாம் அந்தச் சொல்லில் அடங்கும். வியாபாரிக்கும் புதுக் கட்சிக்கும் அதைச் சொல்கிறோம். வேரோ எடுக்கக் கூடியதன்று. பிடுங்கத்தான் வேண்டும், அறுக்கத்தான் வேண்டும்.

வேரூன்றியவர் எங்கள் உம்மாவின் தாய்வழி. குடி என்று நாங்கள் எண்ணுவதும் தாய்வழியில்தான். மட்டக்களப்புத் தமிழர் வயிற்றுவார் என்று சொல்வதும் அதையே. ஏட்டுச்சுவடி ஐயா இதைச் சொல்வார் என்று பார்த்திருந்தேன்: குறள் 1030, அருகில் நின்று "அடுத்தூன்றும் நல்லாள்" இல்லாத குடி, துன்பம் அடியை வெட்ட விழுந்துவிடும் என்கிறது. நல்லாள் என்பதற்கு நல்ல ஆள் என்றே உரைகாரர் பொருள் கொள்வர். ஆனாலும் எங்கள் ஊரில் அந்தக் குறளைப் படிக்கும்போது எனக்கு மூத்தம்மாவின் முகம்தான் வரும்.

வட்டைக்காரன்

அக்கரைப்பற்றுத் தங்கச்சி சொன்னதோடு என்னுடையதையும் சேர்க்கிறேன். "நிலைபெற்ற" என்பது இன்னொரு படி. 1978 நவம்பர் 23 ஆம் திகதி அடித்த சூறாவளியை எங்கள் வீட்டார் இன்னமும் ஒரு ஆண்டுக்கணக்கு போல வைத்துப் பேசுவார்கள். ஒரே இரவில் எங்கள் வளவில் தென்னைகள் அடியோடு சாய்ந்தன. தென்னைக்கு ஆணிவேர் இல்லை, கயிறு கயிறாகப் பரவும் நார்வேர். அவை வேரூன்றிய மரங்கள் இல்லையா? ஊன்றியவைதான், காய்த்துக் கொடுத்தவைதான். ஆனாலும் விழுந்தன. வேரூன்றல் விழாமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. காற்றுக்குப் பின்னும் நின்றவற்றையே அப்பா "நிலைச்ச மரம்" என்று சொல்வார். ஆகவே வேரூன்றியதா என்பது வளர்ச்சியில் தெரியும், நிலைபெற்றதா என்பது சோதனைக்குப் பிறகே தெரியும்.

இதில் "நிலைகொண்டுள்ள" என்பதைக் கலந்துவிடக் கூடாது. மாரி காலத்தில் வானொலியில் "வங்காள விரிகுடாவில் நிலைகொண்டுள்ள தாழமுக்கம்" என்று கேட்டதும் நாங்கள் வள்ளத்தையும் வைக்கோலையும் பார்க்க ஓடுவோம். அது இரண்டு நாளில் நகர்ந்துவிடும். நிலை என்ற சொல் இருந்தும் அது தங்கல் மட்டுமே.

கல்முனை மொழிபெயர்ப்பாளர்

முதல் வாக்கியத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். காழ்த்த முள்மரத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. சீதனம் பற்றிய ரீச்சரின் விளக்கமும் சரியே. அதைப் புரையோடியது என்று மொழிபெயர்த்த என் பழைய ஆவணம் ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன், அங்கே பொருள் தவறித்தான் போயிருக்கிறது.

ஆனால் காலம் பற்றி வட்டைக்காரன் ஐயா சொன்னதை முதல் வாக்கியத்துக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். அண்மையில் பரவத் தொடங்கிய ஒரு போதைப்பொருளைப் பற்றி அந்த மாணவர் எழுதியிருந்தால் "பரவிவரும்" என்பதே பொருத்தம். தலைமுறையாகத் தொடரும் கசிப்பை, அதாவது கள்ளச்சாராயத்தைப் பற்றி எழுதியிருந்தால் "வேரூன்றியுள்ள" என்பதைத் தொடவே கூடாது. கட்டுரையில் எதைக் குறித்திருக்கிறார்?

எழுவான்கரை ஆசிரியை

விடைத்தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். அவர் கசிப்பைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்; தன் ஊரில் பாட்டன் காலத்திலிருந்து அது காய்ச்சப்படுகிறது என்றும், காய்ச்சுகிறவருக்கும் குடிக்கிறவருக்கும் அது பழக்கமாகிப் பிழைப்பாகிவிட்டது என்றும் அடுத்த வரியிலேயே சொல்லியிருக்கிறார். வெட்டுக்கு மேல் "சரி" என்று எழுதி, ஓரக் குறிப்பையும் அடித்துவிட்டு, சக ஆசிரியரிடம் இந்த விவாதத்தைக் காட்டினேன். அவர் முழுவதும் படித்துவிட்டுப் புள்ளியைக் கொடுக்கச் சம்மதித்தார்.

மூன்றாம் மாணவருக்கு "வேரூன்றிய" என்று திருத்திக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையின் ஊர்க் கண்ணகி கோயிலில் வைகாசிச் சடங்கு இப்போது நடக்கிறது. கல்யாணக்கால் என்னும் சடங்கு மரத்தை வெட்டி ஊர்வலமாகக் கொண்டுவந்து நடுவதை நேற்று நேரில் பார்த்திருக்கிறார். அதையே உதாரணமாக எடுத்துச் சொன்னேன்: அந்தக் கால் ஒவ்வொரு வருடமும் நடப்படுகிறது, அதற்கு வேர் இல்லை, நிறைவுச் சடங்கான குளிர்த்தி முடிந்தால் அதன் பணி முடிகிறது. வருடம் தவறாமல் அதை நடுவதற்கு ஊரைக் கூட்டிவருவது எதுவோ அதுதான் வேரூன்றியிருக்கிறது. "அப்போ ரீச்சர், ஒருத்தரும் அதை ஊண்டல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இரண்டாமவர்தான் மல்லுக்கு நிற்கிறார். தாபித்தலுக்கும் வேரூன்றலுக்கும் நடுவில் உள்ள காலத்துக்கு, அதாவது நட்டாயிற்று, விழவும் இல்லை, ஆனால் இன்னும் உறுதியாகவில்லை என்ற நிலைக்கு, ஒரு சொல் சொல்லுங்கள் என்கிறார். எனக்கு ஏட்டில் எதுவும் அகப்படவில்லை.

கண்டலடி

ஏட்டில் தேட வேண்டியதில்லை, ரீச்சர். எங்கள் கரையில் சேற்றில் குத்தி நிற்கும் கண்டல் முளையைப் பார்த்து வலைக்காரர் சொல்வது இதுதான்: "ஊண்டி நிக்கிது, இன்னும் பிடிக்கல்ல."